விற்ற பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். புத்தகத்திற்கு மட்டும் வேறு நியாயமா?



சித்தேரி மலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், அண்மையில் அரூருக்கு இறங்கி வந்தபோது நம்மைச் சந்தித்தார். புளிக் கணக்கு முடிந்தது, சாமைக் கணக்கும் முடிந்தது. டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணா, புத்தகம் படிக்கிறதுக்குன்னே ஒரு மிஷின் வருதாமே? பொண்ணு கேக்குது. பதினஞ்சாயிரத்துக்கு மேல சொல்றாங்க. பரீட்சைக்குப் படிக்குது, வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கறேன். சரியான சரக்குதானா?"

நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்ததும் தரம் சொல்லிவிடுவோம். இந்தச் சரக்கு நம் கைக்குப் பழக்கமில்லாதது. பதினைந்தாயிரம் ரூபாய் என்பது மலைக்கடைக்கு ஒரு நடைச் சரக்கின் விலை. அதைத் தவறான பொருளில் போடச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஆகவே விசாரித்தோம், படித்தோம், வைத்திருப்பவர்களிடம் வாங்கிப் புரட்டியும் பார்த்தோம். அதில் நமக்குத் தெரிந்ததையும், அதை ஒட்டி நம் மனதில் எழுந்த ஒரு மனக்குறையையும் இங்கே எழுதுகிறோம்.

வணிகனுக்குப் படிப்பு எதற்கு?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். நம்மில் மூத்தவர்கள் பலர் படித்தது பொட்டலக் காகிதத்தில்தான். எடைக்கு வாங்கிய பழைய வார இதழைக் கிழித்துச் சீரகம் மடிக்கும்போது, தொடர்கதையின் நடுப்பக்கம் ஒன்று கண்ணில் படும். அடுத்த பக்கம் எந்த வீட்டுக்குக் கடுகோடு போயிற்றோ தெரியாது. மீதிக் கதையை நாமே கற்பனை செய்துகொண்டோம். கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காலையிலும் மாலையிலும் கூட்டம். நண்பகலில் ஈ ஓட்டும் நேரம். அந்த இரண்டு மணி நேரத்தைப் புத்தகத்தில் போட்டவர்களும் உண்டு, வெட்டிப் பேச்சில் போட்டவர்களும் உண்டு. இப்போது கைப்பேசி அந்த நேரத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு விட்டது. படிக்கும் பழக்கத்தை மீட்டுத் தரும் பொருள் எதுவாயினும் அதை வரவேற்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

கருவி எப்படிப்பட்டது?

கைப்பேசியும் டேப்லெட்டும் பின்னாலிருந்து விளக்கடித்து எழுத்தைக் காட்டுகின்றன. மின் வாசிப்புக் கருவி அப்படியல்ல. அதன் திரைக்குள் மிக நுண்ணிய உறைகள் இருக்கின்றன. அவற்றுள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள். மின்சாரம் கொடுத்தால் வேண்டிய இடத்தில் கறுப்புத் துகள் மேலே வரும், அதுவே எழுத்து. இதற்கு மின் மை என்று பெயர். ஒரு முறை எழுத்து அமைந்துவிட்டால், பக்கம் திருப்பும் வரை அதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக் கணக்கில் வருகிறது. வெயிலில் கண் கூசாது. அச்சுக் காகிதம் போலவே தெரியும். பெரும்பாலான கருவிகளில் இரவில் படிக்க மென்மையான முன்விளக்கும் உண்டு. காற்றடித்தால் கரண்ட் போய்விடும் மலையூருக்கு இது சிறிய வசதியல்ல.

அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் கிண்டில் என்ற கருவியை விற்கத் தொடங்கியது. இந்தியாவுக்கான அதன் புத்தகக் கடை 2012-ல் திறந்தது. 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களும் அதில் சேர்ந்தன. இதன் பின்னரே தமிழ் வாசகனுக்கு இது உபயோகமான பொருளாயிற்று.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. சாதாரணக் கருவியின் திரை ஆறு அங்குலம், சற்று உயர்ந்ததில் ஏழு அங்குலம். கதை, கட்டுரை, வரலாறு படிக்க இது போதும். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். நாற்பது வயதைத் தாண்டி மூக்குக் கண்ணாடி தேடும் நமக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் பக்கத்தை அப்படியே படம் பிடித்த பி.டி.எஃப். கோப்புகள் இதில் சரிவராது. தமிழக அரசின் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பு போல் தெரியும். வண்ணப் படம் சாம்பல் நிறமாகிவிடும். பத்துப் பக்கம் முன்னும் பின்னும் புரட்டி, ஓரத்தில் கோடு போட்டுப் படிக்க வேண்டிய தேர்வுப் படிப்புக்கும் காகிதமே சிறந்தது.

டேப்லெட்டையே மின் வாசிப்புக் கருவி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நம் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை நகரத்துக் கடையில் வாங்கி வந்தார். பையன் அதில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. விளையாட்டில் மட்டும் தேர்ந்துவிட்டான். திரையில் விளக்கை முழுதும் அணைத்தபின் வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மின் மை. தெரியாவிட்டால் அது டேப்லெட். இதுதான் உரைகல்.

சொந்தமா, குத்தகையா?

இப்போது நம் மனக்குறைக்கு வருகிறோம். கருவியைக் காசு கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. அதில் ஏற்றும் புத்தகம்? அதற்கும் காசு கொடுக்கிறோம். 'வாங்கு' என்ற பொத்தானைத்தான் அழுத்துகிறோம். ஆனால் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்தால், நமக்குக் கிடைப்பது புத்தகமல்ல, படிப்பதற்கான அனுமதி மட்டுமே என்று தெரிகிறது. அதை மற்றவருக்கு விற்க முடியாது. படித்து முடித்துப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்க முடியாது. மகளுக்குச் சீராகக் கட்டிக் கொடுக்கவும் முடியாது.

இது வெறும் சட்ட நுணுக்கமல்ல, நடந்த கதைகள் உண்டு. 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை விற்றவருக்கு அதற்கான உரிமையில்லை என்று தெரிந்ததும், அமேசான் அவற்றை வாடிக்கையாளர்களின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. பின்னர் நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த நூலில் பள்ளிப் பாடத்துக்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் தம் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுக்க வேண்டி வந்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் அனைத்தும் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக் கம்பி மூலம் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு அந்த வழி எவ்வளவு பெரிய உதவி என்பது சித்தேரிக்காரரைக் கேட்டால் தெரியும்.

நாமும் வியாபாரிகள்தான். ஒரு மூட்டை அரிசியை விற்றுவிட்டு, அதில் ஏதோ தகராறு என்று இரவோடு இரவாக வாடிக்கையாளர் வீட்டுக்குள் புகுந்து மூட்டையைத் தூக்கி வந்து, திண்ணையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால் ஊர் நம்மை என்ன சொல்லும்? கடையை மூடும் வியாபாரி, இதுவரை விற்ற பாத்திரங்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போவதுண்டா? விற்றது விற்றதுதான் என்பதே வியாபாரத்தின் அடிப்படை. குத்தகைக்கு விடுவது தவறல்ல. குத்தகைக்கு விடுவதைக் கிரயம் என்று எழுதிக் கொடுப்பதுதான் தவறு.

கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கொரு சட்டமே வந்துவிட்டது. 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்பவர் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது அனுமதிதான் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எடைக்கல்லுக்கு முத்திரை, பொட்டலத்துக்கு விலையும் தேதியும் என்று நம்மிடம் கண்டிப்பாகக் கேட்கும் நம் நாட்டு நுகர்வோர் சட்டம், மின்நூல் விற்பவரிடமும் இதைக் கேட்க வேண்டும். சிறு வியாபாரிக்கு ஒரு தராசு, பெரு வியாபாரிக்கு வேறு தராசு என்பது ஏற்கத்தக்கதல்ல.

வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்நூலுக்கு முதலில் 18 சதவீதம் இருந்தது. 2018 ஜூலையில், அச்சுப் பதிப்பு உள்ள மின்நூல்களுக்கு மட்டும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே நூல், அதே எழுத்து. காகிதத்தில் இருந்தால் வரியில்லை, திரையில் வந்தால் வரி. இந்த 5 சதவீதத்தையும் நீக்குவதே நியாயம்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்கு

இத்தனை சொன்னதால் கருவியே வேண்டாம் என்கிறோம் என்று எண்ண வேண்டாம். தமிழனுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் திரும்பப் பறிக்க முடியாத நூல்கள் தமிழில் ஏராளமாக உள்ளன.

நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூலின் பதிப்புரிமை முடிந்துவிடும். அதற்கு முன்பே, எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் நல்ல வழக்கமும் தமிழக அரசிடம் உண்டு. பாரதியாரின் நூல்கள் 1949-லேயே பொதுவுடைமையாயின. பின்னர் கல்கி, புதுமைப்பித்தன் என்று பலருடைய நூல்கள் இந்த வரிசையில் சேர்ந்தன. இவற்றை யாரும் அச்சிடலாம், யாரும் ஏற்றிப் படிக்கலாம்.

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் உட்கார்ந்து தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழு, எழுத்தாளர்களே மனமுவந்து பொதுவில் விட்ட நூல்களைக் கருவிக்கு ஏற்ற வடிவில், ஆறு அங்குலத் திரைக்கென்று தனியாகப் பக்கம் அமைத்தும் கொடுக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய பதிப்புகள் படம் பிடித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பெரிய திரையில்தான் படிக்க முடியும். யாழ்ப்பாணத்து நூல்களையும் இதழ்களையும் தேடுவோர்க்கு 'நூலகம்' தளம் இருக்கிறது.

கருவி தேர்ந்தெடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையின் நூலை மட்டும் திறக்கும் கருவியைவிட, ஈபப் என்ற பொது வடிவத்தைத் திறக்கும் கருவி மேல். கிண்டிலிலும் 2022 முதல் ஈபப் கோப்புகளை அனுப்பிப் படிக்க வழி செய்திருக்கிறார்கள். ஒரே மண்டியில்தான் கொள்முதல் செய்வேன் என்று எழுதிக் கொடுக்கும் கடைக்காரன் பிழைக்க மாட்டான் அல்லவா?

இரவல் நமக்குரிய உரிமை

வாங்குவது ஒரு வழி. இரவல் வாங்குவது இன்னொரு வழி. நம் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதி வைத்திருப்போம். புத்தகக் கடன் மட்டும் அன்பை வளர்க்கும்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் கண்ட முதல் மாகாணம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டார். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் கட்டி வருகிறோம். கடைக்கு 3,000 ரூபாய் சொத்து வரி என்றால் 300 ரூபாய் நூலகத்துக்கு. வாடகைக் கடைக்காரரும் வாடகை வழியாக இதைச் சுமக்கிறார். ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பணம் கட்டிவிட்டு நூலகத்தின் வாசலையே மிதிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? முன்பணம் கொடுத்த சரக்கை எடுக்காமல் விடுகிறோம், வேறென்ன சொல்வது?

வெளிநாடுகளில் பொது நூலகமே மின்நூலை இரவல் கொடுக்கிறது. தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும், அபராதம் இல்லை. அங்கும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய பதிப்பகம், ஒரு மின்நூலை நூலகம் 26 முறை இரவல் கொடுத்தபின் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று 2011-ல் விதி செய்தது. அப்படியிருந்தும் வாசகனுக்கு அது இலவசம். நம் நாட்டில் 2023 மத்திய பட்ஜெட்டில் சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் தேசிய மின் நூலகம் அறிவிக்கப்பட்டு, ஒரு செயலியும் வந்திருக்கிறது. நம் நூலக வரியிலிருந்தும் தமிழ் மின்நூல்களை இரவல் கொடுக்கும் ஏற்பாடு மாவட்டந்தோறும், கிளை நூலகம் வரை வர வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள் தோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். அந்தக் கதவு நம் ஊரில் திறந்திருக்கிறதா, உள்ளே இருப்பது புத்தகமா, பழைய நாற்காலியா என்று அவரவர் ஊரில் போய்ப் பார்ப்பது நம் கடமை.

சித்தேரிக்கு ஒரு யோசனை

1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். படிப்பவன் வர முடியாவிட்டால் புத்தகம் அவனிடம் போகட்டும் என்பதே அதன் தத்துவம். சித்தேரி மலையின் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு இன்னும் நடந்துதான் போக வேண்டும். மாட்டு வண்டி ஏறாத இடத்துக்கு, ஒரு கைப்பைக்குள் ஆயிரம் புத்தகம் ஏறுமே!

நமது சங்கம் ஐந்து கருவிகளை வாங்கலாம். அரூரில் சிக்னல் உள்ள இடத்தில் வைத்து, பதிப்புரிமை முடிந்த நூல்களையும் நாட்டுடைமை நூல்களையும் பொதுவில் விட்ட நூல்களையும் மட்டும் ஏற்றலாம். இதில் எவருடைய உரிமைக்கும் பங்கமில்லை. மலைக்கடைகளில் அவற்றை வைத்து, நோட்டில் பேர் எழுதி, பதினைந்து நாள் தவணைக்கு மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கலாம். கடன் நோட்டு எழுதுவதில் நம்மை மிஞ்சியவர் யார்? உடைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தவறிப்போகும் சரக்கு எல்லா வியாபாரத்திலும் உண்டு. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம்.

இன்னொரு கேள்வியும் வரும். 'ஆன்லைன் வியாபாரம் நம் வயிற்றில் அடிக்கிறது என்று எழுதும் பத்திரிகை, ஆன்லைனில் விற்கும் கருவியை வாங்கச் சொல்லலாமா? புத்தகக் கடைக்காரரும் நம் சகோதரர்தானே?' நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறோம்: கருவி, காகிதப் புத்தகத்துக்கு மாற்று அல்ல. திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதை, பிள்ளைகளுக்கு விட்டுப் போக வேண்டியதைக் காகிதத்தில், நம் ஊர்க் கடையில், தர்மபுரிப் புத்தகத் திருவிழாவில் வாங்குங்கள். ஒரு முறை படித்தால் போதும் என்பதை இரவல் வாங்குங்கள். விலையின்றிக் கிடைக்கும் பழைய நூல்களைக் கருவியில் படியுங்கள். மின்நூலைக் காசு கொடுத்து வாங்குவதானால், அது குத்தகை என்று தெரிந்து, குத்தகைக்குத் தகுந்த விலை மட்டும் கொடுங்கள்.

இந்தப் பதிலோடு சித்தேரிக்காரரிடம் பேசினோம். பரீட்சைக்குத்தான் என்றால் கருவி வேண்டாம், பாடநூலும் நூலக உறுப்பினர் அட்டையும் போதும் என்றோம். அவர் போனை மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "பரீட்சைக்குன்னு சொன்னாத்தான் அப்பா வாங்கித் தருவாருன்னு சொன்னேங்கண்ணா. எனக்குக் கதை படிக்கத்தான் வேணும். இங்க ராத்திரியில வேற என்ன இருக்குது?" என்றது.

இதற்கு நாம் என்ன சொல்வது? படிப்பதற்கு ஒரு காரணம் காட்டினால்தான் புத்தகம் கிடைக்கும் என்ற நிலையில் நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. தகப்பனாரிடம், "வாங்கிக் கொடுங்கள், கதைக்காகவே வாங்கிக் கொடுங்கள்" என்றோம். "இருங்கண்ணா, புளி வெலை ஏறட்டும்" என்று சிரித்தார்.

புளி விலை ஏறும் வரை அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கருவி அந்தக் கடைக்கே போகட்டும். உறுப்பினர்கள் தங்களால் இயன்ற தொகையைச் சங்கத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறும், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் சொத்து வரி ரசீதையும் கையோடு கொண்டு வருமாறும் கேட்டுக்கொள்கிறோம். நூலக வரியாக நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று கூட்டிப் பார்ப்போம். அந்தக் கூட்டுத் தொகையைக் காட்டி, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் மலைக்கு என்ன வந்தது என்று மரியாதையோடு கேட்போம்.